பிழை கருவியில், பழி தமிழின் மேல்

“தமிழில் போட்டால் லிஸ்ட் பாக்ஸ் ஒழுங்காக வேலை செய்யாது, இங்கிலீஷிலேயே போட்டுவிடு.” தமிழ்வழியில் கணினி கற்கும் மாணவர் எங்கிருந்தாலும், இந்தத் தீர்ப்பு ஏதேனும் ஒரு வடிவில் அவர் காதில் விழுந்திருக்கும். தமிழகத்தில் விழும்போது அது வெறும் சோம்பலின் குரல். கேரளத்தின் எல்லையோரத்தில், மூணாற்றுத் தோட்டக் குடியிருப்புகளிலோ கொழிஞ்சாம்பாறையிலோ விழும்போது அதன் பொருள் வேறாகிறது. அங்கே தமிழ் சிறுபான்மையரின் மொழி. தன் மொழி “வேலை செய்யாது” என்று பள்ளியிலேயே கற்றுக்கொள்ளும் பிள்ளை, நாளை ஓர் அலுவலகத்தில் அம்மொழியைக் கேட்டுப் பெறத் துணியாது. ஆகவே இந்தத் தீர்ப்பு விசாரிக்கப்பட வேண்டும். விசாரித்தால் தெரிவது இதுதான்: பிழைகள் உண்மையானவை; குற்றவாளி தமிழ் அன்று.

முதலில் களம். 1956 நவம்பர் 1-இல் மாநிலங்கள் மொழிவழியே பிரிக்கப்பட்டபோது தேவிகுளமும் பீர்மேடும் கேரளத்தில் நின்றன. சென்னை மாநிலத்தின் மலபார் மாவட்டத்தில் இருந்த பாலக்காடும், கொச்சி அரசின் பகுதியாக இருந்த சித்தூரும் கேரளத்தோடு சேர்ந்தன. எல்லைக்கோடு மாறியது; பேச்சு மாறவில்லை. தமிழ்வழிப் பள்ளிகள் தொடர்ந்தன. மாநிலத்தின் பாடநூல்கள் தமிழிலும் வெளிவருகின்றன. 2001-இல் ஐ.டி. அட் ஸ்கூல் என்ற திட்டமாகத் தொடங்கி 2017-இல் ‘கைட்’ என்ற நிறுவனமாக மாறிய அமைப்பின் வழியே, கேரளப் பள்ளிகள் கட்டற்ற மென்பொருளுக்கு, அதாவது லினக்ஸுக்கு, மாறின. பைத்தன் நிரலாக்கமும் பாடத்தில் இடம்பெற்றது. இந்தியாவில் வேறெங்கும் எளிதில் காண முடியாத வாய்ப்பு இது. தமிழ்வழி மாணவர் ஒருவர், உரிமக் கட்டணம் இல்லாத கணினியில், தம் மொழியில் அச்சிட்ட பாடநூலை வைத்துக்கொண்டு நிரல் எழுதலாம். அந்த வாய்ப்பு எங்கே தடுக்கி விழுகிறது என்பதே இங்குள்ள வழக்கு.

எடுத்துக்காட்டாக ஒரு சிறு நிரலைக் கொள்ளலாம். பைத்தனோடு சேர்ந்தே வரும் ‘டிகின்டர்’ கருவித்தொகுப்பில் ஓர் உரையாடல் பெட்டி. அதில் இரண்டு பட்டியல் பெட்டிகள். முதலாவதில் வட்டங்கள்: தேவிகுளம், பீர்மேடு, உடும்பன்சோலை, சித்தூர். இரண்டாவதில் ஊர்கள்: வட்டவடை, காந்தளூர், மறையூர், வண்டிப்பெரியாறு, வடகரப்பதி, எருத்தேன்பதி. கீழே ‘சரி’ என்றொரு பொத்தான். இந்நிரல் தவறும் இடங்கள் எவை என்று அனுபவமுள்ள எவரும் முன்கூட்டியே சொல்லிவிடலாம்.

முதல் தவறு. வட்டத்தைத் தேர்ந்தெடுத்த பின் ஊரைத் தேர்ந்தெடுத்தால், வட்டத்தின் மேலிருந்த நிறம் மறைந்துவிடுகிறது. ‘சரி’யை அழுத்தினால் சுட்டெண் எல்லைக்கு வெளியே இருப்பதாகப் பிழைச்செய்தி. காரணம் எளியது. டி.கே. பட்டியல் பெட்டியில் ‘எக்ஸ்போர்ட்செலக்ஷன்’ என்றொரு அமைப்பு உண்டு. இயல்பாகவே அது ‘ஆம்’ என்று இருக்கும். ஒரு நேரத்தில் ஒரு பெட்டியே தேர்வுக்கு உரிமை கொண்டாட முடியும் என்பது பழைய எக்ஸ் சாளர முறையின் வழக்கம். அந்த வழக்கத்தை டி.கே. இன்றும் சுமக்கிறது. இரண்டாவது பெட்டி தேர்வைப் பெற்றதும் முதலாவது இழக்கிறது. அதன் தேர்வைக் கேட்டால் வெற்றுத் தொகுதிதான் வரும். இரு பெட்டிகளிலும் அந்த அமைப்பை ‘இல்லை’ என்று மாற்றினால் தீர்ந்தது.

இரண்டாம் தவறு. மாணவர் பெயர்ப் பட்டியலை ஒரே சரமாக எழுதி ‘லிஸ்ட்வேரியபிள்’ வழியே கொடுத்தால், ‘மா. செல்வி’ என்ற ஒருவர் ‘மா.’ என்றும் ‘செல்வி’ என்றும் இரண்டு வரிகளாகப் பிளந்து நிற்கிறார். டி.கே.யின் அடியில் இருப்பது டி.சி.எல். என்ற மொழி, 1988-இல் பெர்க்லியில் ஜான் ஔஸ்டர்ஹவுட் உருவாக்கியது. அதில் பட்டியல் என்பது இடைவெளியால் பிரிக்கப்பட்ட சரம். எனவே வெறும் சரத்தைக் கொடுத்தால் ஒவ்வோர் இடைவெளியிலும் அது வெட்டும். பைத்தனின் பட்டியலாகவோ தொகுதியாகவோ கொடுத்தால் பெயர் முழுமையாக நிற்கும்.

மூன்றாம் தவறு. பெட்டி மூடியதும் நிரல் முறிகிறது. டிகின்டரில் சொல் கேட்கவும் எண் கேட்கவும் ஆயத்தப் பெட்டிகள் உண்டு. பட்டியலிலிருந்து தெரிவு கேட்கும் பெட்டி இல்லை. அதைக் கையால் கட்ட வேண்டும். கட்டும்போது சாளரத்தை முதலில் அழித்துவிட்டு அதன்பின் தேர்வைக் கேட்டால், இல்லாத பெட்டியிடம் கேட்டதாகப் பிழை வரும். தேர்வை ஒரு மாறியில் வாங்கி வைத்துக்கொண்டு பிறகே சாளரத்தை மூட வேண்டும். முதன்மை நிரலும் அதுவரை காத்திருக்கும்படி எழுதப்பட்டிருக்க வேண்டும்.

இம்மூன்றையும் விசாரிக்க ஒரே சோதனை போதும். நிரலை அப்படியே விட்டுவிட்டு, ஊர்ப்பெயர்களை மட்டும் ஆங்கிலத்தில் மாற்றி ஓட்டிப் பார்ப்பது. வட்டத்தின் தேர்வு அப்போதும் மறையும். ‘நியூ டெல்லி’ அப்போதும் இரண்டாகப் பிளக்கும். மூடிய பெட்டி அப்போதும் பதில் சொல்லாது. ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்று என்பது பழுதுபார்த்தலின் முதல் விதி. அந்த விதியை ஐந்து நிமிடம் கடைப்பிடித்திருந்தால் “தமிழில் வேலை செய்யாது” என்ற தீர்ப்பு பிறந்தே இருக்காது. நடைமுறையில் என்ன நிகழ்கிறது? மொழியையும் மாற்றி, நிரலையும் வேறோர் இடத்திலிருந்து நகலெடுத்து ஒட்டி, வேலை செய்ததும் புகழை ஆங்கிலத்துக்குக் கொடுத்துவிடுகிறார்கள்.

எதிர்வாதம் ஒன்று உண்டு. அதை மறைப்பது நேர்மை ஆகாது. தமிழுக்கே உரியவை போலத் தோன்றும் பிழைகளும் உள்ளன. அவை மூன்று: வரிசை, ஒப்பீடு, உருவம்.

வரிசையைப் பார்ப்போம். பைத்தனின் இயல்பான வரிசைப்படுத்தலுக்கு ஊர்ப்பெயர்களைக் கொடுத்தால் வடகரப்பதி முன்னும் வட்டவடை பின்னும் வரும். தமிழ் அகராதி மரபில் ‘ட்’ என்ற மெய், ‘ட’ என்ற உயிர்மெய்க்கு முந்தியது. வட்டவடைதான் முதலில் வரவேண்டும். பெயர்ப் பட்டியலில் முனியாண்டிக்குப் பின் முருகன் வருவார். கனகாவுக்குப் பின் கமலா வருவார். தமிழ் நெடுங்கணக்கில் மகரமும் ரகரமும் னகரத்துக்கு முந்தியவை. எனவே இரண்டு இணைகளும் தலைகீழ். காரணம் யுனிகோட் அட்டவணை. அதன் தமிழ்ப் பகுதி இந்திய அரசின் இஸ்கி தரத்தைத் தழுவி, தேவநாகரியின் வரிசைக்கு இணையாக அடுக்கப்பட்டது. ழ, ள, ற, ன என்ற நான்கும் தமிழ் மெய்வரிசையின் கடைசியில் நிற்பவை. வடக்கு எழுத்துமுறைகளின் வரிசைக்குப் பின்னே சேர்க்கப்பட்டவை என்பது மொழியியலார் தரும் விளக்கம். யுனிகோட்டில் அவை ந, ர, ல ஆகியவற்றின் பக்கத்தில் ஒட்டவைக்கப்பட்டன. புள்ளியோ எல்லா உயிர்க்குறிகளுக்கும் பின்னே போடப்பட்டது.

இதைக் கண்டதும் எழும் உணர்ச்சிப் பெருக்கு ஒன்று உண்டு: “யுனிகோட் தமிழுக்கு இழைத்த அநீதி.” 2010-இல் தமிழக அரசு யுனிகோடோடு சேர்த்து டேஸ்-16 என்ற குறியீட்டையும் தரமாக அறிவித்ததன் பின்னணியில் இந்த உணர்ச்சிக்கும் பங்குண்டு. ஆனால் குறியீட்டு எண்ணை வைத்து எந்த மொழியும் வரிசைப்படுத்தப்படுவதில்லை. ஆங்கிலத்திலேயே குறியீட்டு எண்வரிசையில் பெரிய ‘இஸட்’ முன்னும் சிறிய ‘ஏ’ பின்னும் வரும். ஸ்வீடிய மொழியும் ஜெர்மனும் தத்தம் வரிசை விதிகளைத் தனியே வைத்திருக்கின்றன. வரிசை என்பது அட்டவணையின் வேலை அன்று. அதன்மேல் அமர்ந்த விதியின் வேலை. அந்த விதி தமிழுக்கும் எழுதப்பட்டிருக்கிறது. ‘ஓப்பன்-தமிழ்’ என்ற பைத்தன் நூலகம் சொல்லைக் குறியீடுகளாக அன்றி எழுத்துகளாகப் பிரித்துத் தருகிறது. தமிழ் அகரவரிசைப்படி ஒப்பிடவும் செய்கிறது. அதை நிறுவ வழியில்லாத கணினியிலும் கவலையில்லை. நெடுங்கணக்கை வரிசையாக ஒரு பட்டியலில் எழுதி, ஒவ்வோர் எழுத்துக்கும் அதன் இடத்தை எண்ணாகக் கொடுத்து, அந்த எண்களை வைத்து வரிசைப்படுத்தும் பத்துவரிச் செயல்பாட்டைப் பத்தாம் வகுப்பு மாணவரே எழுதலாம். தமிழ் எழுத்திலக்கணத்தைக் கணினிப் பாடத்தில் கற்பிக்க இதைவிட நல்ல பயிற்சி வேறில்லை.

அடுத்தது ஒப்பீடு. கொழிஞ்சாம்பாறை என்ற சொல்லின் முதலெழுத்தை இருவகையில் சேமிக்கலாம்: ககரமும் ஒகரக்குறியும் என இரண்டு குறியீடுகளாக, அல்லது ககரம், கொம்பு, கால் என மூன்றாக. திரையில் இரண்டும் ஒன்றே. பைத்தனுக்கு அவை வேறு வேறு. பட்டியலில் தேர்ந்தெடுத்த ஊர் அகராதியில் “இல்லை” என்று பிழை வந்தால் காரணம் பெரும்பாலும் இதுதான். யுனிகோட் தரமே இரண்டையும் சமம் என்று கூறி, அவற்றை ஒரே வடிவாக்கும் முறையையும் வகுத்திருக்கிறது. பைத்தனின் ‘யுனிகோட்டேட்டா’ என்ற கூறில் அதற்கொரு செயல்பாடு ஆயத்தமாக உள்ளது; ஒரே வரி. பிரெஞ்சு மொழியின் குறியிட்ட உயிரெழுத்துகளுக்கும் இதே சிக்கல், இதே தீர்வு. “பிரெஞ்சில் போட்டால் வேலை செய்யாது” என்று யாரும் சொல்வதில்லை.

கடைசியும் கடினமானதும் உருவம். லினக்ஸில் டி.கே. எழுத்துகளை ஒவ்வொன்றாக வரைகிறது. எழுத்துகளை இணைத்து வடிவமைக்கும் வேலையைச் செய்வதில்லை. விளைவாக, தேவிகுளத்தின் இரட்டைக்கொம்பு தகரத்துக்கு முன்னே நிற்காமல் பின்னே போய்த் தொங்குகிறது. மூணாற்றின் முதலெழுத்து பிரிந்து கிடக்கிறது. இதே நிரலை விண்டோஸில் ஓட்டினால் எழுத்து சரியாக வரும். வீட்டில் சரியாக வந்தது பள்ளியில் சிதைவதைக் காணும் மாணவர், லினக்ஸுக்கே தமிழ் வராது என்று முடிவுகட்டுவார். அதே பள்ளிக் கணினியில் லிப்ரே ஆபீஸையும் ஃபயர்ஃபாக்ஸையும் திறந்தால் தமிழ் பிழையின்றித் தெரியும். ஆகவே குற்றம் லினக்ஸிலும் இல்லை, தமிழிலும் இல்லை. ஒரு கருவித்தொகுப்பின் ஒரு பகுதியில் இருக்கிறது.

இங்கேதான் எல்லையோரம் ஓர் உண்மையைக் கற்றுத்தருகிறது. அதே பெட்டியில் மலையாள எழுத்தைப் போட்டாலும் சிதைகிறது. மலையாளத்திலும் ஏகாரக்குறி எழுத்துக்கு முன்னே நிற்பது. ‘கேரளம்’ என்ற சொல்லின் முதலெழுத்தே அந்தப் பெட்டியில் சிதையும். எனவே இதை மலையாளத் திணிப்பு என்று பார்ப்பவர் எதிரியைத் தவறாக அடையாளம் காண்கிறார். சித்தூரின் தமிழ்ப் பிள்ளைக்கும் மலையாளப் பிள்ளைக்கும் இங்கே ஒரே பழுது. வேறுபாடு ஒன்றுண்டு: மலையாளத்தில் சுவதந்திர மலையாளம் கம்ப்யூட்டிங் போன்ற தன்னார்வக் குழுவினர் இருபது ஆண்டுகளுக்கும் மேலாக எழுத்துரு செய்தார்கள், பிழை அறிக்கை எழுதினார்கள், வரைநூலகங்களைத் திருத்தினார்கள். தமிழிலும் அப்படி உழைத்தவர்கள் உண்டு. ஓப்பன்-தமிழே அதற்குச் சான்று. ஆனால் அந்த உழைப்பின் பயன் வாளையாற்றையும் போடிமெட்டையும் தாண்டி எல்லையோரப் பள்ளிக்குள் நுழைவதற்கு, மாநாட்டு மேடையில் தமிழின் தொன்மையைப் பேசுகிறவர்கள் என்ன செய்தார்கள்? மொழிப்பற்று ஒரு பிழை அறிக்கையைக்கூட எழுத வைக்கவில்லை என்றால் அந்தப் பற்றால் யாருக்கு என்ன பயன்?

உருவப் பிழைக்கு உடனடி மாற்றுவழியும் உண்டு. ஜி.டி.கே., க்யூட்டி ஆகிய கருவித்தொகுப்புகள் ஹார்ஃப்பஸ் என்ற வடிவமைப்பு நூலகத்தின் துணையால் இந்திய எழுத்துகளைச் சரியாக வரைகின்றன. ஜி.டி.கே.யைப் பயன்படுத்தும் ‘ஜெனிட்டி’ என்ற சிறு கருவி, ஒரே கட்டளையில் பட்டியல் பெட்டி ஒன்றைத் திறந்து தமிழைத் தமிழாகவே காட்டும். பைத்தனிலிருந்தும் அதை அழைக்கலாம். அதற்கும் சில நுணுக்கங்கள் உண்டு. இயல்பாக முதல் நெடுவரிசையின் மதிப்பை மட்டுமே திருப்பித் தரும். வேறு நெடுவரிசை வேண்டுமெனில் கேட்க வேண்டும். பலவற்றைத் தேர்ந்தெடுத்தால் நடுவே செங்குத்துக் கோடிட்டுத் தரும். பயனர் ரத்து செய்தால் முடிவெண் ஒன்றாக வரும். அதைச் சோதிக்காத நிரல் வெற்றுச் சரத்தை ஊர்ப்பெயராக எடுத்துக்கொள்ளும். இவ்வளவையும் தமிழில் ஒரு பக்கத்தில் எழுதிவிடலாம்.

“இத்தனை தொல்லை எதற்கு? ஆங்கில எழுத்திலேயே பெயரை வைத்தால் போதாதா?” என்பார் உண்டு. போதாது. வழக்கமான ஆங்கில எழுத்தாக்கத்தில் வள்ளியும் வல்லியும் ஒன்று. தலையும் தளையும் ஒன்று. ந, ண, ன மூன்றும் ஒன்று. மலையாள எழுத்து ள, ழ, ற ஆகியவற்றைக் காப்பாற்றும். ஆனால் ந, ன இரண்டுக்கும் அதில் ஒரே எழுத்துதான். தமிழின் ஒரு ககரத்துக்கு மலையாளத்தில் எதை எழுதுவது என்ற தேர்வு எழுதுபவர் கையில் போய்விடுகிறது. தமிழில் முதலெழுத்து பெயருக்கு முன்னே. மலையாள வழக்கில் பெரும்பாலும் பின்னே. ஒரே ஆள் மூன்று ஆவணங்களில் மூன்று பெயராவதற்கு இவ்வளவு போதும். அந்த மூன்றும் ஒருவரே என்று மெய்ப்பிக்க அலைய வேண்டியவர் ஒருநாள் கூலியை இழக்கும் தோட்டத் தொழிலாளி.

பட்டியல் பெட்டி சிறிய விஷயம் என்று எண்ணுவோர் சட்டத்தைப் படிக்க வேண்டும். 1969-ஆம் ஆண்டின் கேரள ஆட்சிமொழிச் சட்டம், மாநிலத்தின் தமிழ், கன்னடச் சிறுபான்மையருக்கு ஓர் உரிமையை அளிக்கிறது. தலைமைச் செயலகத்தோடும் துறைத் தலைமை அலுவலகங்களோடும், மொழிச் சிறுபான்மைப் பகுதிகளாக அறிவிக்கப்பட்ட இடங்களின் உள்ளூர் அலுவலகங்களோடும் அவர்கள் தம் மொழியில் கடிதத் தொடர்பு கொள்ளலாம்; பதிலும் அம்மொழியில் தரப்பட வேண்டும். அதற்கு முன்பே, 1956-இன் ஏழாம் திருத்தத்தால் அரசியலமைப்பில் சேர்ந்த 350-அ பிரிவு, தொடக்கக் கல்வியைத் தாய்மொழியில் பெறும் வசதியைப் பற்றிப் பேசுகிறது. 1969-இன் சட்டம் கடிதத்தை மனத்தில் வைத்து எழுதப்பட்டது. கடிதத்தில் எழுதுபவர் தம் சொல்லைத் தாமே தேர்ந்தெடுப்பார். இன்று விண்ணப்பம் என்பது கடிதம் அன்று, பெட்டி. பெட்டியில் முன்கூட்டியே யாரோ எழுதிவைத்த சொற்களில் ஒன்றைத்தான் தேர்ந்தெடுக்க முடியும். பட்டியலில் தமிழ் இல்லையென்றால் தமிழில் கேட்கும் உரிமை தாளில் இருக்கும்; கைவிரல் தொடும் இடத்தில் இராது. எந்தச் சட்டத்தையும் திருத்தாமல், எந்த அரசாணையும் போடாமல், ஓர் உரிமையைப் பயனற்றதாக்க ஒரு பட்டியல் பெட்டி போதும்.

அந்தப் பெட்டியை எழுதப்போகிறவர்கள் இன்றைய மாணவர்கள். “தமிழில் வேலை செய்யாது” என்று கற்பிக்கப்பட்டவர் நாளை எழுதும் நிரலில் தமிழை வைக்கமாட்டார். கேட்டால், தாம் பள்ளியில் கேட்ட அதே தீர்ப்பைச் சொல்வார். எனவே வகுப்பறையில் செய்யவேண்டியவை தெளிவானவை. தமிழ்வழிப் பாடநூலின் நிரல் எடுத்துக்காட்டுகளில் தமிழ்ப் பெயர்களும் உள்ளூர்ப் பெயர்களுமே தரவாக இருக்க வேண்டும். பழுதுபார்த்தலுக்கென ஒரு பக்கம், தமிழில், அதே நூலில் வேண்டும். வடிவம் சீராக்கும் ஒரு வரியும் அகரவரிசைச் செயல்பாடும் பள்ளிக் கணினிகளில் முன்கூட்டியே நிறுவப்பட்டிருக்க வேண்டும். கருவியில் உள்ள குறையைக் கருவியை உருவாக்குவோருக்கு எழுதி அனுப்பும் பழக்கம் பாடத்தின் பகுதியாக வேண்டும். இவற்றில் எதற்கும் பெருநிதி தேவையில்லை. கைட் போன்ற அமைப்பும், ஆசிரியர் பயிற்சியும், கட்டற்ற மென்பொருளும் ஏற்கெனவே உள்ள மாநிலத்தில் இதற்குச் சாக்குச் சொல்ல இடமே இல்லை.

ஆசிரியரைக் குறைகூறுவது இங்கு நோக்கம் அன்று. ஒரே பாடவேளைக்குள் பாடத்தையும் முடித்து, பழுதான கணினியையும் பார்க்கவேண்டியவர் அவர். அவர் கையில் தமிழில் எழுதிய ஒரு பக்கம் இருந்திருந்தால் அந்தத் தீர்ப்பைச் சொல்லியிருக்கமாட்டார். அந்தப் பக்கத்தை எழுதும் கடமை மொழியியல் படித்தவர்களுக்கும் நிரல் எழுதத் தெரிந்தவர்களுக்கும் உரியது. அதைச் செய்யாமல் ஆசிரியர் மேல் பழிபோடுவதும், கருவியின் பிழைக்குத் தமிழின் மேல் பழிபோடுவதும் ஒரே வகைக் குற்றமே.

அடுத்தமுறை ஒரு பட்டியல் பெட்டி தவறும்போது கேட்கவேண்டிய கேள்வி “எந்த மொழியில் போட்டாய்?” என்பதன்று, “எந்த வரியில் தவறியது?” என்பது. அந்தக் கேள்வியோடு தொடங்கும் வகுப்பறையில் வட்டவடை வடகரப்பதிக்கு முன்னே வரும், செல்வி தம் முதலெழுத்தோடு ஒரே வரியில் நிற்பார், தேவிகுளத்தின் கொம்பு தகரத்துக்கு முன்னே நிற்கும்.